கடைசிக் கம்பத்து வீடு

டிசம்பர் பில்லோடு ராத்திரி ஏழு மணிக்கு
மாடியிலிருந்து இறங்கி வந்தார் போஜன்.
மப்ளருக்குள்ளிருந்து கணக்குச் சொன்னார்:
உன் ஹீட்டர் இரண்டாயிரம் வாட்,
அடியில் ஒட்டியிருக்கிறது.
நாலு மணி நேரம், முப்பது ராத்திரி,
இருநூற்று நாற்பது யூனிட்.
எட்டு ரூபாய் வீதம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது.

தனி மீட்டர் இல்லாத வாடகை வீட்டில்
ஸ்டிக்கர்தான் சாட்சி.

நான் டீ ஃபேக்டரியில் டிரையர் பக்கத்து எலெக்ட்ரீஷியன்.
ஸ்டிக்கரை நம்புவதற்கு எனக்குச் சம்பளம் தருவதில்லை.
உட்காருங்கள் என்றேன். நின்றார்.
இருந்த ஒரு நாற்காலியில்
காயாத யூனிஃபார்ம் கிடந்தது.

மல்ட்டிமீட்டரைச் சொருகினேன்.
நூற்று அறுபத்தெட்டு.
அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
அதேதான்.

கோத்தகிரி ரோட்டு டிரான்ஸ்ஃபார்மரில்
இருநூற்று முப்பதாகக் கிளம்புகிறது.
பத்தொன்பது கம்பம்.
கேரட் கழுவும் மோட்டார், பேக்கரி, வரிசையாகக் கீசர்கள்,
ஆளுக்கு ஒரு வாய் குடித்த மிச்சம் இது.
குடித்தது என்பது பேச்சுக்கு.
தின்றது கம்பி. நீளக் கம்பிக்கும் தடை உண்டு.

கிளாம்ப் மீட்டரால் ஹீட்டர் வயரைக் கவ்வினேன். பூஜ்யம்.
"உன் மீட்டரே கெட்டுப்போச்சே" என்றார் சந்தோஷமாக.
இல்லை.
போகிற கம்பியையும் திரும்புகிற கம்பியையும்
சேர்த்துப் பிடித்தால்
ஒன்றை ஒன்று அழித்துவிடும்.
மேலுறையைப் பிளேடால் கீறி
ஒற்றைக் கம்பியைப் பிரித்தேன்.
ஆறு புள்ளி மூன்று ஐந்து ஆம்பியர்.

பில்லின் முதுகில் எழுதினேன்.
வகுத்தால் இருபத்தாறரை ஓம், ஒரு இழை குறைய.
அது சுருளின் தடை. யார் பில் கட்டினாலும்
அதற்கு அதே இருபத்தாறரை.
பெருக்கினால்
ஆயிரத்து அறுபத்தேழு வாட்.

"மீதி எங்கே?"

அழுத்தம் தனியாக இறங்காது,
ஓட்டத்தின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கும்.
கால் போனால் கிட்டத்தட்டப் பாதி போச்சு.

"மனுஷனுக்கும் அப்படித்தான்"
என்று இடது முழங்காலைத் தடவிக்கொண்டார்.

நூற்று இருபத்தெட்டு யூனிட்.
ஆயிரத்து இருபத்து நாலு ரூபாய்
எண்ணிக் கொடுத்தேன், எண்ணி வாங்கினார்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாயில்
நான் ஜெயித்திருந்தேன்.

அன்று உறைபனி.
நான் நிரூபித்த கணக்குப்படியே
அறை குளிர்ந்தது.
சுருள் பழைய செங்கல் நிறத்தில் சோம்பிக் கிடந்தது.
தொலைந்த அறுபத்திரண்டு வோல்ட்டை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.
தேயிலைக்கு மேலே, ஆளில்லாத இருட்டில்,
பத்தொன்பது கம்பத்துக்கும்
கம்பி பனியைச் சுட்டுக்கொண்டிருக்கும்.
அந்தச் சூட்டுக்கு யார் பெயரில் பில்?

பத்து நாற்பதுக்குச் சுருள் திடீரென்று
ஆரஞ்சுக்கு ஏறியது.
எழுந்து மீட்டர் வைத்தேன். இருநூற்று நாலு.
மேலே வாளி நகரும் சத்தம்.
முழங்காலுக்கு வெந்நீர் பிடித்து முடித்து
போஜன் கீசரை அணைத்திருக்கிறார்.

மறுநாளும் பத்து நாற்பது.
அதற்கு மறுநாள் ஒன்பதரை.
வெள்ளிக்கிழமை எட்டரைக்கே ஏறிவிட்டது.
நான் எதுவும் கேட்கவில்லை.
படியில் பார்த்தபோது
பனி ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார்.

விடியற்காலை ஐந்தரைக்கு
மேலே கீசர் சுவிட்ச் "டக்" என்றதும்
நான் என் சுவிட்சைத் தட்டிவிடுகிறேன்.
கம்பளிக்குள் இருந்துகொண்டு,
அவருக்கு எத்தனை வோல்ட் ஏறியிருக்கும் என்று
மனதுக்குள் வகுத்துப் பார்க்கிறேன்.

ஜனவரி பில் வரும்.
எட்டரைக்கு மேல் ஓடுவது இப்போது
ஆயிரத்து ஐந்நூற்று எழுபது சொச்சம் வாட்.
அவருக்குத் தெரியாது,
அவரிடம் இருப்பது என் பழைய கணக்கு.
புதியதை நான்தான் படியேறிப் போய்ச் சொல்ல வேண்டும்,
மீட்டரை எடுத்துக்கொண்டு.